புத்தகத்தின் மேல் உட்கார்ந்தவர்

மச்சான் தர வேண்டியது மொத்தம் ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது. அதில் இன்னும் நூற்றைம்பதுதான் பாக்கி.

மூன்றாவதும் பெண் என்று தெரிந்த அன்று, சுமைக்காரர் ஆஸ்பத்திரி பில்லை மனைவியின் தம்பி கையில் திணித்து, வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தியிருந்தார். "எல்லாம் உங்கக்காவால வந்தது. இப்போ நான் கட்டிட்டேன். நீ மாசம் நூத்தம்பதா திருப்பிக் குடு!"

அவனும் வாய் திறக்காமல் நாற்பத்தெட்டு மாதம் கொடுத்துவிட்டான். இன்று கடைசித் தவணை. அதை வாங்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். பழைய சட்டையில் பை சரியில்லை. கூலி வாங்கி வந்தால் மாதாமாதம் பணம் குறைகிறது. மனைவியிடம் கொடுத்து இரண்டு தடவை தைத்தும் பார்த்தாயிற்று.

"அப்பா, நாளைக்குப் பரீட்சை. நான் ஒப்பிக்கிறேன், நீங்க பார்த்துக்கிட்டே வாங்க," என்று பெரியவள் புத்தகத்தை நீட்டினாள்.

போன வருடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றவர். நெஞ்சு நிமிர்ந்தது.

"தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் மட்டுமே வரும். தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண்."

"தப்பு!"

"எங்கே தப்பு? படிங்க."

விரல் வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். இரண்டு தடவையும் தந்தைதான்.

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"அச்சுப் பிழையா இருக்கும். மாட்டுக்கு வேணா சரி."

"மாடு, நாய், எலி, மனுஷன் எல்லாத்துக்கும் இதேதான்பா. ஒய்யில இருக்கிற ஒரு ஜீன்தான் ஆணாக்குது. அம்மாகிட்ட ஒய்யே கிடையாது. இல்லாததை எங்கேர்ந்து குடுப்பாங்க?"

"எலிக்குமா?" என்றார், நொந்துபோய்.

வாசலில் செருப்புச் சத்தம். சட்டென்று புத்தகத்தைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாமா, நெளியறீங்க?" என்றபடி மச்சான் உள்ளே வந்தான்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

"மாமா, அப்பா என் புத்தகத்து மேல உட்கார்ந்திருக்கார். பரவாயில்ல, எனக்கு மனப்பாடம்!" என்று பெரியவள் முதலிலிருந்து உரக்க ஒப்பித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவருக்குக் காது சுட்டது. மச்சான் பணத்தை நீட்டினான். கை எழவில்லை.

"வேண்டாம் மச்சான். இதுவரைக்கும் வாங்கினதையும் திருப்பித் தந்துடறேன். தப்பு என்மேலதான்."

"எது தப்பு? நாங்களா?" என்றாள் நடுவுள்ளவள்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லம்மா. உங்கம்மாவை நான் பேசின பேச்சு." அடுப்படிப் பக்கம் பார்க்கத் தைரியமில்லை. தரையைப் பார்த்தே சொன்னார்.

மச்சான் அந்த நூற்றைம்பதை அவர் புதுச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தான்.

"எனக்கு எதுக்கு மாமா திருப்பித் தரணும்? நர்சம்மா அன்னிக்கே அக்காகிட்ட இந்த எக்ஸ், ஒய் விஷயத்தைச் சொல்லிட்டாங்க. மாசாமாசம் உங்க பழைய சட்டைப் பையிலேர்ந்துதான் அக்கா எடுத்துக் குடுத்துச்சு."