ஒல்லாந்தர் காசுக்கு நான் சொன்ன குற்றம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை.

கனடாவின் குளிரைச் சமாளித்துச் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் அன்பு மருமகன் தனஞ்சயனுக்கு, மாமன் பாக்கியரத்தினம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கோணேசப் பெருமான் கிருபையில் நானும் உம்முடைய மாமி அன்னலட்சுமியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மாமி வாசலில் வைத்த செவ்வரத்தைச் செடியை மட்டும் மான் வந்து தின்றுவிட்டுப் போகிறது. டெலிபோனிலேயே சொல்லலாம். ஆனால் டெலிபோனில் நீர் "இல்லை மாமா, அப்பிடி இல்லை மாமா" என்று குறுக்கே விழுகிறீர். கடிதத்தில் அது ஏலாது. ஆகவே இதை எழுதிப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டு வாய் திறக்கவும்.

எங்கள் வாசிகசாலையில் பழம்பொருள் வைப்பதற்கென்று ஒரு கண்ணாடி அலுமாரி செய்திருக்கிறார்கள். தலைவர் அருளம்பலம் மாஸ்டர் கூட்டத்தில் எழும்பி, "ஊருக்குப் பெருமையான சாமான் ஆரிட்டையாவது இருந்தால் தாருங்கோ" என்றார். ஒருவரும் பேசவில்லை. ஒரு சபை அப்படி வாய்மூடி இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் எழும்பி, ஒல்லாந்தர் இந்த ஊரிலேயே அடித்த செப்புக்காசு என்னிடம் இருக்கிறது, தருகிறேன் என்றேன். அந்த நேரத்தில் இருக்கவில்லை. ஆனால் இந்தத் துறைமுகத்தை முப்பது வருஷம் நடத்தியவனுக்கு ஒரு காசு எடுப்பது பெரிய காரியமா? நான் கப்பலுக்குக் கயிறு கட்டும் பகுதியில்தான் இருந்தேன் என்று உம்முடைய அம்மா சொல்லியிருப்பா. கயிறு கட்டாமல் எந்தக் கப்பல் நின்றது என்று என் தங்கச்சியைக் கேட்கவும். மாஸ்டர் மறுநாளே பலகை எழுதி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "ஒல்லாந்தர் காலத்துத் திருகோணமலைக் காசு. அன்பளிப்பு: துறைமுகம் பாக்கியரத்தினம்." பலகை மினுங்குகிறது, அதன் முன்னால் ஒன்றும் இல்லை. சனம் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறது, பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த மாதம் திறப்பு விழா.

நீர் அனுப்பிய போனில் தேடினேன். இங்கிலாந்தில் ஒருவர் அதே காசை ஏலத்துக்கு விட்டிருந்தார். ஒரு பக்கத்தில் ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை, அதோடு எங்கள் ஊருக்கென்று ஆங்கில 'ரி' (T) எழுத்து. படத்தைப் பார்த்ததும் எனக்குப் பசி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று மாமி கேட்டா. ஏலம் என்றால் இந்த மாவட்டத்தில் முஹம்மது தம்பி நானாவுக்கு மேலே ஆள் கிடையாது. கின்னியாக் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்தே மூன்று வீடு கட்டியவர். (ஒன்றுதான் கட்டினார். ஆனால் மூன்று வீட்டுக்குச் சமமான வீடு.) அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திப் போனைக் காட்டினேன்.

"இத எடுக்க ஆசையா ஒங்களுக்கு?" என்றார்.

"ஓம் நானா."

"மொகத்துல எழுதி ஒட்டியிருக்கு மச்சான். அது கூடா. பார மீன் வாங்க வந்தவன் பாரையப் பாத்துச் சிரிப்பானா? காலால ஒரு தட்டுத் தட்டி, 'இது முந்தாநாத்து மீன்' எண்டு சொல்லோணும். விக்கிறவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் சொல்லோணும். அப்பதான் வெல எறங்கும்."

"காசு போனுக்குள்ளை கிடக்கு நானா. எங்கை தட்டுறது?"

"வாயால தட்டுங்க."

படத்துக்குக் கீழே எவரும் எழுதக்கூடிய ஒரு பெட்டி இருந்தது. அதில் நான் எழுதினேன்: "இதெல்லாம் ஒரு காசா? பச்சை பிடித்துக் கிடக்கிறது. விளிம்பு கோணல். இப்படியானவற்றைச் சின்ன வயதில் எங்கள் துறைமுகச் சேற்றில் பொறுக்கித் தண்ணீரில் எறிந்து விளையாடினோம். இப்படிக்கு, பாக்கியரத்தினம், திருகோணமலைத் துறைமுகம்." போனே அதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தது. சற்று நேரத்தில் விற்கிறவர் பதில் போட்டார். மிக்க நன்றி ஐயா என்றார். காசின் பச்சை நிறத்தையும் கோணல் விளிம்பையும் கிடைத்த இடத்தையும் திருகோணமலைத் துறைமுகத்தின் மூத்த நிபுணர் ஒருவரே உறுதிசெய்திருக்கிறார், சேகரிப்பாளர்கள் கவனிக்கவும் என்றும் எழுதினார். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் விலை இரண்டு மடங்காகிவிட்டது.

"இன்னொருக்காத் தட்டுங்க. ரெண்டாந் தட்டுலதான் பாரையும் எறங்கும்" என்றார் நானா. நானும் தட்டினேன். முத்திரை ஒரு பக்கமாக விலகி விழுந்திருக்கிறது, அடித்த ஒல்லாந்தன் குடிவெறியில் இருந்திருக்கிறான் என்று எழுதினேன். அப்படி விலகி விழுந்த முத்திரை மிக அபூர்வம், நிபுணருக்கு மீண்டும் நன்றி என்று பதில் வந்தது. விலை மறுபடி ஏறியது. நானா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தாளு மீன் யாவாரம் பாத்தவனில்ல" என்றார்.

நானும் விடவில்லை. ஏறி ஏறிக் கேட்டேன். கடைசியாகக் கேட்ட விலையை இங்கே எழுதவில்லை, இந்தக் கடிதத்தை மாமி வாசிப்பா. கடைசி நேரத்தில் நான்தான் முன்னுக்கு நின்றேன். கோயிலில் மாம்பழம் ஏலம் விடும்போது நீரும் பார்த்திருக்கிறீர். ஒருதரம், இரண்டுதரம் என்று கூறி, மூன்றாம் தரத்துக்கு முன்னால் எல்லாருடைய முகத்தையும் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் விலை கூட்டுவதில் என்னை வெல்ல இந்தப் பகுதியில் ஆள் இல்லை. எவனாவது என்னைத் தாண்டினால் இரண்டுதரத்தில் பிடிப்போம் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். போன் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துப் பார்த்தால் கனடாக்காரன் ஒருவன் இடையில் புகுந்து கூட்டியிருக்கிறான், ஏலம் முடிந்துவிட்டது. ஒருதரம்கூடச் சொல்லாமல் ஏலத்தை முடிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மூன்றாம் முறையும் அந்தப் பெட்டியில் எழுதினேன். வென்றவருக்கு வாழ்த்துகள், இந்தக் காசை அடித்தது ஒல்லாந்தன் அல்ல, துறைமுக வேலைத்தளத்தில் பழைய செப்புக் குழாயை வெட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்காக நாங்களே அடித்தோம், சம்மட்டி பிடித்தவன் நான், இதை ஆட்டின் கழுத்தில் கட்டலாம் என்று எழுதினேன். இது முழுப் பொய்யல்ல. நான் சம்மட்டி பிடித்திருக்கிறேன், காசுக்கு அல்ல. பிறகு நேரே மாஸ்டரிடம் போனேன். ஒல்லாந்தர் காசு எல்லாமே போலி என்று இப்போது தெரியவந்திருக்கிறது, போலியை ஊர் அலுமாரியில் வைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை என்றேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பலகையைக் கழட்டவோ, பாக்கியர்?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சோற்றில்கூட வந்து நிற்கிறது. மருமகன், அந்தப் பலகையில் என்னுடைய பெயரை மாமி போய் மூன்று தரம் பார்த்துவிட்டு வந்தவ.

ஆகையால் உம்மிடம் ஒரே ஒரு உதவி. அந்தப் பெட்டியில் நீரும் சாட்சியாக எழுதவேண்டும். மாமா சொல்வது உண்மை, அவர் காசு அடிப்பதைச் சின்ன வயதில் கண்ணால் கண்டேன், நான் கனடாவில் இஞ்சினியர் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதவும். அதை நான் மாஸ்டருக்குக் காட்டுவேன். உண்மைக்காக நின்றவன் என்று பலகை அப்படியே இருக்கும்.

நீரும் உம்முடைய குடும்பமும் பதினாறு பேறும் பெற்று, கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாமல், நீடூழி வாழவேண்டும். முஹம்மது தம்பி நானாவும் சலாம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
சி. பாக்கியரத்தினம்.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படம்பிடிக்க முன்னர் ஒரு நாள் மேசையில் கிடந்துவிட்டது. இதற்கிடையில், நான் மூன்றாவதாக எழுதியதை அந்தக் கனடாக்காரன் வாசித்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அடுத்த ஆள் நான் என்றபடியால், நான் கேட்ட விலைக்கே தருகிறேன் என்று விற்கிறவர் எழுதியிருக்கிறார். யோசிப்பதற்கு முன்னர் விரல் ஓம் என்று அழுத்திவிட்டது. ஆகவே நீர் சாட்சி எழுதவேண்டாம். இந்த வரிக்கு வர முன்னரே எழுதியிருந்தால் அழிக்கவும். அசல் காசுதான் என்று ஒரு வெள்ளைக்காரப் பெயரில் எழுதினால் நல்லது. மாமி விலையைப் பார்த்துவிட்டா. "நீங்களே சம்மட்டியால அடிச்ச காசை நீங்களே விலை குடுத்து வாங்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனவ, இன்னும் வெளியே வரவில்லை. மாஸ்டரும் என்னுடைய மூன்றாவது எழுத்தை வாசித்திருக்கிறார். நிபுணர் ஒருவரின் உறுதிக்கடிதம் இல்லாமல் காசை அலுமாரியில் வைக்க ஏலாது என்கிறார். அப்படிப்பட்ட ஆள் எங்கே இருக்கிறார் என்று விற்கிறவரிடமே கேட்டேன். ஏலம் கேட்டவனும் பெட்டியில் எழுதியவனும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியாது. உலகத்தில் இந்தக் காசைப் பற்றித் தெரிந்தவர் தனக்கு அறிய ஒரே ஒருவர்தான், திருகோணமலைத் துறைமுகத்தில் பாக்கியரத்தினம் என்று ஒருவர் இருக்கிறார், அவரை விசாரிக்கவும் என்று பதில் வந்திருக்கிறது. மாஸ்டரிடம் காட்டினேன். அந்த ஆளின் கதையை நம்பலாமோ என்று மாஸ்டர் என்னையே கேட்கிறார்.