கோளிக்குஞ்சும் மூன்றாவது வாய்ப்பும்

பெருமதிப்பிற்குரியவளும், என்னை மூன்று தளங்களில் ஒரே மூச்சில் பிளாக் செய்துவிட்டுக் குடும்பக் குரூப்பை விட்டும் வெளியேறிய வீராங்கனையுமான அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி (மாற்றிக்கொள்ளும் வசதி இன்னும் வரவில்லை) எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் இங்கே நலம். நீ நலமா என்பதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தாய் என்பதைக்கூட மறைத்துவிட்டாய். போட்டோ இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் தெரிகிறது. வட்டம் நலமாகத்தான் இருக்கிறது. தபால் பெட்டிக்கு மட்டும் இன்னும் பிளாக் பட்டன் கண்டுபிடிக்கவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் தலைப்புச் செய்தி. கனத்த இதயத்தோடு பொதுமக்களுக்கும் உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், பதினோரு ஆண்டுகளாகப் பிரிட்ஜின் தலைமேல் வீற்றிருந்த நம் வீட்டு வைஃபை பெட்டி, சென்ற திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பதவியிறங்கி, செருப்பு ஸ்டாண்டின் மேல் பொறுப்பேற்றுக்கொண்டது. அப்பா ஸ்குரூ டிரைவருடன் தலைமை தாங்கினார். நன்றியுரை நான். இனி உன் அறையில்கூட நாலு கோடு சிக்னல் வருகிறது. அறையில்தான் ஆள் இல்லை.

எதற்கு இந்த இடமாற்றம் என்று கேட்பாய். (கேட்க மாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன்.) லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, போனைக் கை எட்டும் தூரம் வரை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். “என்னடா இது, ‘இத்தனை வருஷம் எங்களோடு பயணித்ததற்கு நன்றி’ன்னு எவனோ அனுப்பியிருக்கான்? நான் எங்கயும் போகலையே.” வாங்கிப் பார்த்தால், அது அம்மாவின் பழைய மெயில் கம்பெனி. கணக்குத் தொடங்கியபோது, ஏதாவது ஆனால் சொல்லி அனுப்ப என்று அம்மா அப்பாவின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். ஏதோ ஆகி ஒன்றரை வருஷம் கழித்து அவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள்! அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் வெறும் மெயில் மட்டும்தான் வைத்திருந்தது, அப்புறம் அரட்டையைச் சேர்த்தார்கள், அப்புறம் செய்தி, அப்புறம் விளையாட்டு, அப்புறம் ஆடிக் காட்டும் வீடியோ, அம்மா ஒவ்வொன்றையும் கற்று முடித்த மறுநாள் பட்டனை இடம் மாற்றுவார்கள், அவளும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு “நேத்து இங்கதானேடா இருந்துச்சு” என்பாள். கடைசியில் எல்லாவற்றையும் வேறொருவரிடம் விற்றுவிட்டார்கள். வாங்கியவர், மெயிலை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்து, வருகிற முப்பதாம் தேதியோடு அத்தனையையும் அழிக்கப் போகிறார். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சிக்னல் போதாது என்றுதான் வைஃபை பெட்டி கீழே இறங்கியது.

அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அனுப்புநர் அம்மா, பெறுநர் அம்மா. பதினாலு வருஷமாக, மறந்துவிடும் என்று பயந்த எல்லாவற்றையும் அவள் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான், “உனக்கு நீயே லெட்டரா? பதில் வருமா?” என்று கேட்டேன்.

“வருமே. உன்னை மாதிரி வாயடிக்காத பதிலா வரும். போய் அந்த வாளைப்பளத்தைத் தின்னு.”

“ழ, அம்மா, ழ!”

“அதையும் சேத்துத் தின்னு.”

அவள் போனை அப்பா முழுக்க அழித்துச் சித்திக்குக் கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும். அதற்காக அவர் இப்போது ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்வது உனக்குத் தெரியாது.

கடவுச்சொல் எங்களிடம் இல்லை. ‘கடவுளே’ என்று சொல்ல வைப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். முன்பெல்லாம் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. இப்போது காலம் வளர்ந்துவிட்டதால் இரண்டு. முதல் சாவி, அம்மாவின் போனுக்கு வரும் ஆறு இலக்க எண். அந்த நம்பரைத்தான் சிம் கம்பெனி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதே! அப்பா போனை வாங்கிக் கூப்பிட்டேன். அவர் அம்மாவின் நம்பருக்கு ‘வீடு’ என்று பெயர் போட்டிருக்கிறார், இன்னும் மாற்றவில்லை. ‘வீடு’ ரிங் ஆகிறது என்று திரை சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம்.

எடுத்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

“ஹலோ, யாரு? கிளட்சை விடாதீங்கம்மா, கிளட்ச்! சொல்லுங்க.”

“சார், உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், அதைக் கொஞ்சம்...”

“வாடா வா. போன வாரம் பேங்க் மேனேஜர், இந்த வாரம் நீயா? மீசையாவது முளைச்சிருக்கா உனக்கு?”

அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். “ஐயா, அது என் வீட்டுக்காரி நம்பர். அவங்க இப்ப இல்லை.”

அந்தப் பக்கம் வண்டி நின்றது. கிளட்சை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். “மன்னிச்சிருங்க ஐயா. நம்பர் எனக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆரம்பத்துல அவங்களைக் கேட்டு நிறையப் பேர் கூப்பிடுவாங்க, இப்ப குறைஞ்சிருச்சு. ஒரு பொண்ணு மட்டும் ஞாயித்துக்கிழமையானா கூப்பிடும். நான் ஹலோன்னதும் வெச்சிரும்” என்றார். பிறகு புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்குச் சொல்வதுபோல் ஆறு எண்ணையும் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அந்தப் பெண் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. உன் லேபுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் தகவலுக்காக இங்கே குறித்து வைக்கிறேன்.

இரண்டாவது சாவி ஒரு கேள்வி: ‘உங்கள் மூத்த குழந்தையின் செல்லப்பெயர் என்ன?’ அப்பா, வகுப்பில் வாழ்நாளில் முதல் முறையாக விடை தெரிந்தவர்போல் எழுந்தே நின்றுவிட்டார். “கோழிக்குஞ்சுடா! பொறந்தப்போ முடி நட்டுக்கிட்டு நின்னுச்சே, கோழிக்குஞ்சு!” ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. முறைப்படி ழ-வுக்கு இசட், எச் போட்டுத் தட்டினேன். தவறு. க்-குக்கு இன்னொரு கே சேர்த்தேன். தவறு. ‘இன்னும் ஒரு வாய்ப்பு’ என்று சிவப்பில் வந்தது.

“லிஃப்ட்ல இப்படியெல்லாம் கிடையாதுடா,” என்றார் அப்பா. “நடுவுல நின்னுபோனா வெளிய இருந்து திறக்க எங்ககிட்ட ஒரு சாவி இருக்கும். உள்ள ஆள் இருந்தா திறந்துதானே ஆகணும்?”

எனக்கு வாய் சும்மா இருக்காதே. “திறந்தா மின்னஞ்சல், திறக்கலைன்னா மின்னஞ்சலி” என்றேன். என் சிலேடைகளில் பாதிக்காவது அப்பா சிரிப்பார். இதற்கு எழுந்து போய், ஏற்கெனவே இறுகியிருந்த வைஃபை பெட்டியின் ஸ்குரூவை இன்னும் இறுக்கினார்.

ஆனால் கவலை வேண்டாம்! தம்பி உள்ளான். மூளையைக் கசக்கி, மூன்றாவது முறை தட்டினேன். திறந்துகொண்டது. நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள். உனக்கென்றே அம்மா எழுதியதும் ஒன்று இருக்கிறது. நேரில் வந்தால்தான் காட்டுவேன்.

போகிற போக்கில் இன்னொன்று. போன மாதம் உன் பிறந்தநாளன்று அம்மாவின் கணக்கிலிருந்து வாழ்த்து வந்ததே, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இப்போது இந்தத் தளங்கள் பயங்கரமாக வளர்ந்துவிட்டன. ஆள் இல்லாத கணக்கிலிருந்து தானாகவே வாழ்த்து போகும் வசதி வந்திருக்கிறதாம். ஒரு மெஷின் செய்ததற்கு என்னை பிளாக் செய்தது அநியாயம்.

வயதில் சிறியவன் ஆசி வழங்கக் கூடாது. ஆனாலும், உன் ஊசி யாருக்கும் வலிக்காமல் இறங்கட்டும், குத்தும் இடத்திலேயே ரத்தம் கிடைக்கட்டும். என்மேல் இத்தனை வருஷம் பழகிய கை அது.

இப்படிக்கு,
வீட்டின் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். பெட்டி திறக்கவில்லை. மூன்றாவது முறை நான் தட்டவே இல்லை, பயமாக இருக்கிறது. நாலாயிரம் என்பது நானாகச் சொன்னது. உனக்கென்று உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதும் தெரியாது.

வாழ்த்து அனுப்பியதும் நான்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்திலிருந்து அம்மா லாக் அவுட் செய்யவே இல்லை, மெயில் மட்டும்தான் பூட்டியிருக்கிறது. அன்று காலை உன் பக்கத்தில் முப்பத்தெட்டு பேர் வாழ்த்தியிருந்தார்கள், அவள் மட்டும் இல்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. விளையாட்டுக்குச் செய்யவில்லை. ‘ஹாப்பி பர்த்டே கோழிக்குஞ்சு’ என்று, இசட், எச் எல்லாம் போட்டு ஒழுங்காகத் தட்டினேன். ஆறு நிமிடத்தில் நீ எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாய்: ‘அம்மாவுக்கு ழ வராதுடா, நாயே.’ அப்புறம்தான் சாம்பல் வட்டம்.

அதை நேற்றுவரை திட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அதுதான் விடை. இரண்டு வாய்ப்பையும் நான் என் ஸ்பெல்லிங்கில் வீணடித்துவிட்டேன். அவள் எல் போட்டிருப்பாள், கோளி. ஆனால் குஞ்சுக்கு ஜே-வா, சி-எச்-சா? கே ஒன்றா, இரண்டா? அவள் அந்தப் பெயரை எழுதியதெல்லாம் உனக்குத்தான், எல்லாம் உன் போனில்தான் இருக்கும். “அவகிட்ட சொல்லாதே, கிடைக்காமப் போனா ரெண்டாவது தடவை அழுவா” என்கிறார் அப்பா. அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

என்னை அன்பிளாக் செய்ய வேண்டாம். எங்களைக் கூப்பிடவும் பிடிக்கவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்போதும் கூப்பிடுகிற நம்பருக்கே கூப்பிடு. ஹலோ என்றதும் வைத்துவிடாமல், எழுத்து எழுத்தாக அவரிடம் சொல். மாஸ்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எழுதிக்கொள்கிறேன் என்றார்.