ஒன்பதாம் நம்பர் மைக்

வில்லாபுரம் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மணமேடையில் மாப்பிள்ளை. பக்கத்தில் பெண். பெண்ணின் தாய்மாமன் முத்தையா, பட்டு வேட்டியில். பெண்ணின் அப்பா ராசு, வாசலுக்கும் பந்திக்கும் நடையாய் நடந்துகொண்டு. பெண்ணின் தங்கை செல்வி, சந்தனக் கிண்ணத்தோடு. ஓரத்தில் மைக்செட் பெட்டியோடு நான்.

செல்வியை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டில் போயிருந்தார்கள். ராசு மாமா பிடி கொடுக்கவில்லை. “மொதல்ல இந்தக் கல்யாணத்துக்கு மைக்செட்ட ஒழுங்காப் போடட்டும். பெறகு பேசுவோம்” என்றாராம்.

அதற்காகவே புதுசாக ஒரு கார்ட்லெஸ் மைக் வாங்கினேன். வயர் கிடையாது. சின்னதாக ஒரு நம்பர் தெரியும். மைக்கிலும் பெட்டியிலும் ஒரே நம்பர் இருந்தால் பேசும். கடையில் எட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் எட்டு ஆகுமா? ஒன்பதாக்கினேன். (என்னை நானே மெச்சிக்கொண்டது அதுதான் கடைசி.)

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேளக்காரர்கள் காபி குடிக்கப் போனார்கள். நானும் மைக்கை அணைத்து வைத்தேன். அப்போது என் ஸ்பீக்கர் தானாகப் பேசியது.

“தாய்மாமன் மேடைக்கு வாங்க. சம்மணம் போட்டு உக்காருங்க.”

முத்தையா வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளைய மடியில வைங்க.”

முத்தையா பெண்ணைப் பார்த்தார். மடியைத் தட்டிச் சரிசெய்தார்.

“மாமா, நானா?” என்றாள் பெண்.

“மாப்ள வீட்டு வழக்கமா இருக்கும் தாயி. மொகம் சுளிக்காம வந்து உக்காரு.”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “பொண்ணு வீட்டு வழக்கம் போல. கண்டுக்காதீக” என்று தன் ஆட்களை அடக்கினார்.

நான் பாய்ந்து மைக்கின் சுவிட்சை அமுக்கினேன். அணைந்து கிடந்தது எரிந்துகொண்டது. “ஐயய்யோ” என்றேன். சுவருக்கு அந்தப் பக்கத்து மண்டபத்திலும் “ஐயய்யோ” கேட்டது. அங்கே காதுகுத்து. மறுபடி அணைத்தேன். மறுபடி அந்தக் குரல்.

“அதுக்கு முன்னாடி மொட்டைய முடிச்சிருவோம். தலைய நனைங்கப்பா.”

மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு யாருமே சொல்லலையே” என்றார்.

செல்வி வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு சிம்மக்கல்லில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தாள்.

“என்ன நம்பர் வச்சிருக்கீங்க?”

“ஒம்போது. எட்டு ஆகாதுன்னு...”

“காதுகுத்துக்காரவுகளும் அதே மைக்கு. அவுகளுக்கும் எட்டு ஆகாது போல.”

பெட்டியிலும் மைக்கிலும் பொத்தானை அமுக்கிக்கொண்டே சொன்னாள்: “உள்ள ஒரு சிப்பு இருக்கு. ரேடியோ அலைய உண்டாக்குறது அதுக்குள்ளதான். நீங்க நம்பர் குடுத்தா, பொடிப்பொடி சுவிட்சுல சிலதப் போட்டு சிலத அணைச்சு, அந்த அலையில போயி நிக்கும். திருகித் தேட வேணாம். அதுக்கு நம்பர்தான் தெரியும், ராசி தெரியாது.”

எட்டு வந்தது. காதுகுத்து போனது.

ராசு மாமா வந்து நின்றார். நான் பெட்டியைக் காட்டினேன்.

“மிஷினு மாமா...”

“மிஷினாம்ல!”

செல்வி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். “அப்பா, இவருக்கு மைக்கு தெரியல. எனக்குத் தெரியும். ஒரு வீட்டுல ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாப் போதாதா?”

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தாராம்.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். மைக் கூடாது என்பது மாமா போட்ட ஒரே கட்டளை.

இப்போதும் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் நான் மைக்கைக் கையில் எடுத்தால் ஆண்கள் எல்லாம் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் டி. கல்லுப்பட்டியில் ஒரு வீட்டில் பால் காய்ச்சினார்கள். மைக்கை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்.

இருபத்து மூன்று பேர்.