பிள்ளை தாயைச் சேரும்

கடல் நடுவே புகையிலையால் வாழ்ந்த நாடு ஒன்று இருந்தது. அதன் இலையை அக்கரை அரசன் புகைத்தான்; அந்த இலையை ஏற்றக் கப்பல் கட்டியவர்கள் அதனால் சோறு தின்றார்கள். ஆகவே அதை யார் விளைவிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழு அறுவடை உழைத்தவருக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு மூட்டைச் சோளமும் தந்து விடுவித்து அனுப்புவது அங்கே வழக்கம். வடக்குக் கப்பலில் வந்த கிட்டப்பனும், தெற்குக் கப்பலில் வரும் வழியில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த நீலாயியும் ஒரே வரிசையில் இலை கிள்ளினார்கள். ஏழாம் அறுவடை முடிந்ததும் இருவரும் பண்ணைக்காரர்களின் சபைக்குப் போனார்கள். நீலாயியின் இடுப்பில் மூன்று வயது மகள்.

கிட்டப்பனுக்கு மண்வெட்டி கிடைத்தது. கூடவே காவல்காரன் வேலையும் கம்பும். முந்தைய ஆண்டு இரு கப்பலிலும் வந்த கூலிகள் சேர்ந்து கிடங்குக்குத் தீ வைத்ததைச் சபை மறந்திருக்கவில்லை.

"தெற்குக் கப்பலில் வந்தவர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்கிறது," என்றார் சபைத் தலைவர் வேதாசலனார். "எனவே அவர்களுக்கு ஆயுள் முழுதும் வேலை வழங்கச் சபை கருணையுடன் தீர்மானித்துள்ளது."

"என் காலம் போகட்டும் ஐயா. எம்மவள விட்டுருங்க. புள்ள அப்பன் வழின்னுதான இங்க சட்டம்?"

"அப்பன் யார்?" என்றார் ஓர் உறுப்பினர்.

நீலாயி தலைவரைப் பார்த்தாள். குழந்தைக்கும் அதே பிளந்த மோவாய். யாரோ இருமினார்கள்.

வேதாசலனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தாய்மையைப் போற்றுவது நம் மரபு. இன்று முதல் பிள்ளை தாயைச் சேரும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதன்பின் பண்ணைக்காரர்கள் புது ஆளுக்காகக் கப்பலை எதிர்பார்ப்பது குறைந்தது.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான் வெளியே கிட்டப்பன்.

"புதுக் கம்பு கனக்குதா அண்ணே?"

"பழகிரும்."

பதின்மூன்று அறுவடை கழிந்து அக்கரை அரசன் வரியைக் கூட்டினான். நாடு கொதித்தது. வேதாசலனார் மேடையேறிச் சாசனம் வாசித்தார்:

"பிறப்பால் எவரும் எவருக்கும் அடிமையல்லர்!"

வயல் வரை கேட்டது. நீலாயி கூடையைக் கீழே வைத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பண்ணை வாசலுக்கு நடந்தாள்.

கிட்டப்பன் குறுக்கே வந்தான். "எங்க கெளம்பிட்ட?"

"கேக்கலயா? இப்பத்தான வாசிச்சாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது ராசாவுக்கு எழுதின கடுதாசி, தாயி. உனக்கில்ல."

மகள் எக்கி நின்று மேடையைப் பார்த்தாள்.

"யாரும்மா அவரு? இம்புட்டு நல்லாப் பேசுறாரு!"