கார் ரேஸ்ல டாய்லெட் விளம்பரம்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைங்க. எங்க மொதலாளிய பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயி, கம்பெனி விளம்பரத்தக் காட்டிட்டு வரணும். அவ்ளோதான்.

நான் விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில சேல்ஸ் பாக்குறேன். டாய்லெட் கோப்பை, வாஷ்பேசின், இதுதான் நம்ம சரக்கு.

யோசனையும் என்னுதுதான். யாரு கேட்டா?

"மொதலாளி, சென்டர்ல எல்லாரும் ஓசி கார் ரேஸ் ஒண்ணு ஆடறாங்க. ரோட்டோரமா போர்டு போர்டா வருது. அதுல நம்ம கோப்பை படத்தப் போட்டுருவோம்!"

"கேம் ஆடறவன் விளம்பரத்தப் பாத்தா கடுப்பாவ மாட்டானா?"

"ஓசில ஆடறவங்க எப்டி மொதலாளி கடுப்பாவாங்க?"

என்னா தெனாவட்டு எனக்கு!

சென்டர் நடத்துற மல்லிகா அக்கா கம்ப்யூட்டர்ல கில்லாடி. போன வாரமே போர்டு படத்த மாத்திக் குடுத்துட்டாங்க. வெள்ளை வெளேர்னு கோப்பை. கீழ கொட்டை எழுத்துல, 'எத்தனை வருஷம் ஆனாலும் ஒடையாது!'

நேத்து போனா, வாசல்லயே கூட்டம்! பெண்ணாடத்துலேருந்து நாலு பேரு பஸ்ஸு புடிச்சி வந்திருக்காங்க.

"எல்லாம் நம்ம விளம்பரத்துக்காவ வந்தவங்க சார்" அப்டின்னாங்க அக்கா.

மொதலாளி என் தோள்ல தட்டுனாரு. சம்பள உயர்வே கண்ணுல தெரிஞ்சுது!

உள்ள போனோம். ஸ்கிரீன்ல கார் பறக்குது. தூரத்துல நம்ம கோப்பை. "பாருங்க மொதலாளி, பாருங்க!"ன்னேன்.

பாத்தாரு.

கார் ரோட்ட வுட்டு எறங்குச்சு. நேரா போர்டுக்குப் போச்சு. டமால்!

கோப்பை சுக்குநூறு. சென்டரே கைதட்டுது!

"பதினேழு!"ன்னு கத்துனான் ஆடுன காலேஜ் பையன்.

"என்னாப்பா பதினேழு?"ன்னாரு மொதலாளி.

"கக்கூஸுங்க! பதினேழு ஒடச்சிட்டேன்."

நான் பாய்ஞ்சு போயி மானிட்டர மறைச்சுக்கிட்டு நின்னேன்.

"அண்ணே தள்ளுங்கண்ணே, பதினெட்டு வருது!"

மொதலாளி அக்காகிட்ட மெதுவா கேட்டாரு: "ஏம்மா, யாருமே ரேஸ் ஓட்டலியா?"

"ரேஸா? ஃபினிஷிங் கோடு எந்தப் பக்கம்னே யாருக்கும் தெரியாது சார். விட்டுப்போன கோப்பைய ரிவர்ஸ்ல வந்து இடிக்கிறாங்க!"

எனக்கு வேர்த்து ஊத்துது. "அக்கா, ஒடனே விளம்பரத்த எடுத்துடுங்க"ன்னு காதுல கெஞ்சுனேன்.

காதுலதான் சொன்னேன். ஆனா சென்டரே எழுந்துருச்சு!

"விளம்பரத்த எடுத்தா நாங்க ஒருத்தரும் வரமாட்டோம்!"

மொதலாளி காலியான சேர்ல ஒக்காந்தாரு. "பிரேக்கு எது?"ன்னாரு.

"பிரேக்கு எதுக்கு சார்?"ன்னான் அந்த காலேஜ் பையன்.

மொதக் கோப்பைய இடிக்கறப்ப மொதலாளி மொகம் சுருங்குச்சு. ரெண்டாவதுக்குப் பல்லு தெரிஞ்சுது. மூணாவதுக்குச் சேரவுட்டு எகிறிட்டாரு!

வேல தப்பிச்சுதுன்னு நான் மூச்சு வுடறேன். அவரு என் பக்கம் திரும்புனாரு.

"ஏம்ப்பா, நம்ம போட்டிக் கம்பெனிக்காரன் கோப்பை போட்டோ ஒண்ணு கெடைக்குமா?"