கிணற்றில் போட்ட முரண்

கதை எழுதுகிறவர்கள் உண்டு, கதை படிக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அது கதையை எழுதாது, முழுசாகப் படிக்கவும் செய்யாது, பிறர் எழுதியதை இரண்டு விரலால் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, சந்தையில் மீனின் செவுளைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி இரண்டாம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "முரண் எங்கே?" என்று கேட்கும். மட்டக்களப்பில் இந்த இனத்துக்குக் குறைவே இல்லை. ஊருக்கு ஒருவர் நிச்சயம். பெரிய ஊரென்றால் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும். கக்கத்தில் ஒரு பைல். அதற்குள் "சிறுகதையின் அடிப்படைக் கூறுகள்" என்று தலைப்பிட்ட ஒற்றைத் தாள்: கரு, களம், பாத்திரம், முரண், உச்சம், முடிவு. நகலின் நகலை நகலெடுத்து நகலெடுத்து, கடைசி வரியில் இருந்த "முடிவு" எப்போதோ அழிந்துவிட்டது. அதனால் அவரிடம் படித்தவர்களின் கதைகளெல்லாம் உச்சத்திலேயே நின்றுபோய்விடும். இறங்கி வர வழி தெரியாது.

எங்கள் நூலகத்துக்கு வாய்த்தவர் நல்லரத்தினம் சேர். பெரியகல்லாற்றுக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் அந்த நூலகத்தில் உதவியாளன். கதிரை அடுக்குவது, தேத்தண்ணி கொடுப்பது, மைக் சரிபார்ப்பது, சேர் எழுதியதில் எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். ஆகவே பத்து வருடமாக அவரைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ தப்பியிருப்போம்.

அவர் கண்ணுக்கு இந்த உலகமே இன்னும் திருத்தப்படாத ஒரு கட்டுரைக் கொப்பி. செத்த வீட்டுக்குப் போனாலும் விடமாட்டார்.

"கடைசி நேரத்தில என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லல்ல சேர். தேத்தண்ணி கேட்டார், குடுத்தம், குடிச்சார், கண்ண மூடிட்டார்."

சேரின் முகம் விழுந்துவிடும். "கனடாவில இருக்கிற மகனப் பத்தி ஒண்டும் கேக்கலையா?"

"மகன் வந்து பக்கத்திலதான் இருந்தான் சேர்."

"ஓ, வந்திட்டானா" என்று சொல்லிவிட்டு, செத்தவருக்கு மனதுக்குள் ஐந்து புள்ளி குறைத்துக்கொண்டு வெளியே வருவார். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் எதிர்ப்பு ஒண்டும் இல்லையா?" என்று கவலையோடு விசாரிப்பார். வட்ஸ்அப் குழுவில் யாராவது "இன்று நல்ல மழை" என்று போட்டால், ஒரு நிமிடத்துக்குள் சேரிடமிருந்து பதில் வரும்: "பிறகு?"

இவ்வளவு முரண் கேட்கிற மனிதரின் சொந்த வாழ்க்கையில் முரண் எவ்வளவு என்கிறீர்கள்? கடுகளவும் கிடையாது. பஸ்ஸில் இவர் காலை யாராவது மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். முன்வீட்டு நாய் இவருடைய செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனபோது, வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வாய் வராமல், மற்றதையும் மதிலுக்கு மேலால் போட்டுவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்கு வந்தவர். அன்றைய வகுப்பின் தலைப்பு "மனிதன் எதிர் மனிதன்".

வருடத்துக்கு ஒரு தடவை நூலகத்தில் மூன்று சனிக்கிழமை சிறுகதைப் பட்டறை நடக்கும். சேர் வெள்ளைப்பலகையில் முதல் வேலையாக ஒரு மலை கீறுவார். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் முரண், கொடுமுடியில் உச்சம். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு நிலம் என்றால் தட்டை; ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். ஆனாலும் எங்களை அந்த மலையில் ஏற்றாமல் சேர் விடுவதில்லை.

போன வருடப் பட்டறைக்குப் பழுகாமத்திலிருந்து சுதாகரன் வந்திருந்தார். அங்கே வட்டை என்கிற வயல்வெளியில் மூன்று ஏக்கர் செய்கிறவர். விதைத்தது, முளைத்தது, கதிர் வந்தது, வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று ஒரு கதை எழுதிக்கொண்டு வந்து, வாசித்தார்.

"யானை வந்ததா?" என்றார் சேர்.

"வரல்ல சேர்."

"வர வை."

"போன வருசம் வந்த சேர். முழுசாத் திண்டிட்டு. இந்த வருசம் வரல்ல. அதத்தானே எழுதின."

"வராத யானைய யார் வாசிக்கிற?"

சுதாகரன் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பக்கத்தில் முரணுக்கு என்ன குறை? சண்டை பார்த்தோம், சுனாமி பார்த்தோம், வெள்ளம் வருடா வருடம் வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போகிறது. இவ்வளவையும் பட்டுவிட்டு, ஒரு வருடம் ஒன்றும் நடக்காமல் நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை ஒரு மனிதன் ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டு வந்தால், அவனுடைய வயலுக்கு நாங்களே யானையைக் கூட்டிப்போய் விடுவதா? ஆனால் இதையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

அடுத்தவர் ரிப்கா. காத்தான்குடிப் பெண், வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவர். அவருடைய கதை இரண்டே பக்கம்.

தாய் தன் வளவை இரண்டாக்கி மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் பகுதி வழக்கம். மாப்பிள்ளைமார்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். கதையில் வரும் ராத்தாவும் தங்கையும் அப்படித்தான் பக்கத்துப் பக்கத்து வீடு. ஏதோ ஒரு பேச்சில் மனக்கசப்பு வந்து, நடுவில் மதில் எழும்புகிறது. கிணற்றை மட்டும் பங்குபோட முடியவில்லை. மதில் கிணற்றுக்கு நடுவால் போகிறது: கட்டு இரண்டு, தண்ணீர் ஒன்று. இரண்டு வீட்டிலும் தண்ணீர் மோட்டர். இரண்டு வருடம் பேச்சில்லை. விடிய ஐந்து மணிக்கு ராத்தாவின் மோட்டர் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் தங்கை எழும்புவாள். ஒருநாள் மோட்டர் ஓடவில்லை. ஐந்தரை ஆகிறது, ஆறாகிறது. தங்கை கிணற்றடிக்கு வந்து நின்று நின்று பார்த்துவிட்டு, மதிலுக்கு மேலால் கேட்கிறாள்: "ராத்தா, கரண்ட் இரிக்கா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத்திலிருந்து குரல் வருகிறது: "இரிக்கு. காய்ச்சல்." கதை அவ்வளவுதான்.

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சேர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நல்ல நடை. ஆனா பிள்ளை, முரண் எங்கே?"

"மதில் இரிக்கே சேர்."

"மதில் களம். நான் முரண் கேக்கிறன்."

"ரெண்டு வருசம் கதைக்கல்ல சேர்."

"அது பின்னணி. உச்சம் எங்க? ஏறின இடமும் இல்ல, விழுந்த இடமும் இல்ல. தாங்க, நான் பாக்கிறன்."

இடைவேளையில் ரிப்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். கதை இல்லையாம், நடந்ததாம். ராத்தாவின் பெயர் ஸுஹைனா. காய்ச்சல் மாறிய பிறகு மதிலுக்கு மேலால் நாளைக்கு ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் மின்வெட்டைப் பற்றித்தான். "எனக்கு வாயால சொல்லத் தெரியாது. புத்தகத்தில வந்தா ராத்தா வாசிப்பா. வாசிச்சா அவக்கு விளங்கும்" என்றார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. ராத்தா மட்டும்தான்.

பட்டறைக் கதைகளை மலராகப் போட்டோம், தொகுப்பாசிரியர் சேர். அச்சுக்குப் போகமுதல் படி என்னிடம் வந்தது. ரிப்காவின் கதையில் "இரிக்கு. காய்ச்சல்" இருந்த இடத்தில் புதிதாக ஒரு பந்தி முளைத்திருந்தது. "மூத்தவளின் கண்களில் பழிவெறி தாண்டவமாடியது. நஞ்சுப் போத்தலைத் திறந்தாள். கிணற்றுக்குள் ஒரு துளி விழுந்தது. இரு துளி விழுந்தது."

போன் எடுத்தேன். "சேர், இது ரிப்காவுக்குத் தெரியுமா?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும் தம்பி."

தாண்டவத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். வேறொன்றும் செய்யவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெளியீட்டு விழாவுக்கு ரிப்கா ராத்தாவையும் கூட்டிக்கொண்டு ஒரே ஓட்டோவில் வந்தார். "உங்களப் பத்தித்தான் எழுதிரிக்கன்" என்று சொல்லியிருக்கிறார். ஸுஹைனா புது அபாயா உடுத்து, மூன்றாம் வரிசையில் இருந்து, தங்கையின் பெயர் சொல்லும்போது வீடியோ எடுப்பதற்காகப் போனைத் தயாராகப் பிடித்திருந்தார். சேர் மைக் முன்னால் வந்து, "இந்த மலரின் உச்சம் எதுவென்றால்" என்று தொடங்கி, அந்தக் கடைசிப் பந்தியைக் கையை உயர்த்தி, விரலால் துளி சொட்டிக் காட்டி வாசித்தார். சபை கைதட்டியது. ஸுஹைனா முழுவதையும் வீடியோ எடுத்தார். பிறகு போனைக் கைப்பைக்குள் வைத்து, எழும்பி, வெளியே போய், ஓட்டோவில் ஏறித் தனியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு மோட்டர் ஓடவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று கேட்கிற உரிமையும் ரிப்காவுக்கு இப்போது இல்லை. ஏழு மணிக்கு, கதையை முதன்முதலில் எழுதிய கொப்பியை எடுத்துக்கொண்டு, றோட்டால் சுற்றிப் போய் ராத்தாவின் முன்கதவைத் தட்டினார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஸுஹைனா வாசலில் நின்றபடியே கொப்பியை வாங்கி இரண்டு முறை வாசித்தாராம்.

"இதில நஞ்சு இல்லையே."

"நான் போடல்ல ராத்தா. சேர்தான் போட்டிரிக்கார்."

ஸுஹைனா கொப்பியை மூடினார். பிறகு, "ஒரே கிணறுதானே புள்ள? நான் நஞ்சப் போட்டா மறுகா நானும்தானே குடிக்கணும்? படிச்ச மனிசனுக்கு இது விளங்கல்லையா?" என்றார்.

"நானும் அதத்தான் ராத்தா யோசிச்ச."

"அவர்ர வீடு எங்க?"

கல்முனை பஸ்ஸில் ஏறி இருவரும் பெரியகல்லாற்றில் வந்து இறங்கியபோது, மிச்சப் பிரதிகளைக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். சேர் யன்னலால் பார்த்தார். "தம்பி, நான் இல்லையெண்டு சொல்லுங்க."

"மனிதன் எதிர் மனிதன் வந்திருக்கு சேர்" என்றேன்.

"பகிடி விடாதீங்க தம்பி. பேசித் தீர்க்கலாம்தானே" என்று அவர் உள்ளே திரும்பமுதல் இருவரும் விறாந்தைக்கு வந்துவிட்டார்கள். ஸுஹைனா பையிலிருந்து பெரிய போத்தலொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்கட கிணத்துத் தண்ணி சேர். குடிங்க."

சேர் போத்தலைப் பார்த்தார். தான் போட்ட நஞ்சு தன் முன்னால் வந்து நிற்கிறது. கை நீளவில்லை. "இப்பதான் தேத்தண்ணி குடிச்ச..." என்று இழுத்தார். நெற்றி வியர்த்தது. சேரின் மனைவி, அந்த வீட்டில் முப்பத்தைந்து வருடமாக ஒரு சுவாரசியமும் காணாதவர், ஆசையோடு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ரிப்கா போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். ராத்தா வாங்கி ஒரு மிடறு குடித்தார். போத்தல் திரும்ப மேசைக்கு வந்தது. சேர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார்.

பிறகு கறுப்புப் பேனாக்கள் வந்தன. நூற்று நாற்பது பிரதிகளிலும் அந்தப் பந்தியை வெட்டி, "இரிக்கு. காய்ச்சல்" என்று ஓரத்தில் கையால் எழுதினோம். ஸுஹைனா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். விழாவில் கொடுத்த அறுபது பிரதிகள் போனது போனதுதான். இன்றைக்கும் அந்தத் தெருவில் யாராவது, "உங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்கிறார்களாம். "சேரே குடிச்சிட்டார்" என்று ஸுஹைனா பதில் சொல்கிறாராம். மதில் அப்படியே இருக்கிறது. மோட்டர் ஐந்து மணிக்கு ஓடுகிறது, ஆனால் ரிப்கா இப்போது முன்கதவால் போய்வருகிறார்.

இனி உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர் ஒளிக்கப் பார்த்தார், குடிக்கத் தயங்கினார் என்று எழுதினேனே, அது நடக்கவில்லை. அவர் தானே போய்க் கேற்றைத் திறந்தார். கொப்பியை வாங்கி வாசித்தார். "பிழை செய்திட்டன் பிள்ளை" என்றார். பேனாவை முதலில் எடுத்தவரும் அவர்தான். போத்தல் அவர்கள் பஸ்ஸில் தாகத்துக்குக் கொண்டுவந்தது, வெட்டி வெட்டிக் களைத்துப்போய் சேர் அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "எங்கட பக்கம் உப்பு. இது நல்ல தண்ணி" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதித்தான் முதலில் வாசித்துப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. ஆகவே ஒரு துளி போட்டேன். இரு துளி போட்டேன்.

சரி, நீங்கள்? சேர் போத்தலைப் பார்த்து வியர்த்தபோது கொஞ்சம் முன்னால் சாய்ந்து இருந்தீர்கள்தானே? இப்போது அவர் சும்மா தாகத்துக்குக் குடித்தார் என்றதும், "ஓ, அவ்வளவுதானா" என்று முகம் விழுந்ததா, இல்லையா? ஒருக்கால் உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். சிவப்புப் பேனா அங்கேதான் இருக்கும்.