தூணுக்குப் பின்னால் குத்தோடி

கேமரன் மலையில் குத்தோடியின் முகத்தை முழுதாகப் பார்த்தவர்கள் மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் முதுகு தரிசனம்தான். எதையும் செய்துவிட்டு, அதன் பலன் வந்து சேருமுன் மறைந்துவிடுவார் மனுஷன்.

அந்தப் பெயர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்ததும் தானா ராத்தா டவுனில் ஒரு தையல்கடையின் பின்னறையில் மூன்று பேர் கூடுவோம். மேசை, பகடை, பென்சில், காகிதம், மற்றதெல்லாம் கற்பனை. கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா மிஸ்ஸி கதை சொல்வார். பூதமும் அவரே, புயலும் அவரே. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் இரும்புக் கவசம் போட்ட வீரன். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கிற குத்தோடி, திருடன்.

திருடனுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. தூணுக்குப் பின்னால் ஒளிவது, பாய்ந்து வந்து பூதத்தின் விலாவில் ஒரு குத்து, அது திரும்புவதற்குள் மறுபடி தூண். மறைவிலிருந்து குத்தினால் இரட்டை அடி, அது ஆட்டத்தின் விதி. திரும்பிய பூதத்தின் கண்ணில் யார் படுவது? நான்தான். கவசத்தோடு ஐந்து முறை செத்திருக்கிறேன்.

"அண்ணே, அடி பூரா எனக்கு விழுது! எங்க போனீங்க?"

"தூணுக்குப் பின்னாலதான் லா. தாங்குங்க கிராணி, உங்களுக்குத்தான் இரும்புச் சட்டை இருக்கே!"

வாழ்க்கையிலும் இதே கதைதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, "பூட்ஸெல்லாம் ஓட்டை துரை! தண்ணி உள்ள வருது!" என்று ஒரு குரல் கேட்கும். துரை திரும்புவதற்குள் ஆள் லோரிக்குப் பின்னால். எதிரே நான், அசடு வழிந்துகொண்டு. புது பூட்ஸ் வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குத் திட்டு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு சர்ச் வாசலில், ஸ்டெல்லா மிஸ்ஸியின் பின்னால் நின்று, "மிஸ்ஸி, என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். அடுத்த நொடி அவருடைய மோட்டார் சைக்கிள் கம்போங் ராஜா பக்கம் பறந்தது. மிஸ்ஸி திரும்பினார். குடையோடு நின்றது நான்.

"நீங்களா கிராணி?"

"ஐயையோ! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மிஸ்ஸி!"

மூன்று வாரம் ஆள் ஆட்டத்துக்கு வரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பது வயதுவரை மனசுக்குள் பூட்டி வைத்ததைக் கேட்டுவிட்டு, பதிலை வாங்காமல் ஓடுவானா ஒருத்தன்?

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "நல்லவர்தான் கிராணி. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு கஷ்டம்னா, அப்பவும் தூணுக்குப் பின்னால போயிட்டாருன்னா நான் என்ன பண்றது?"

நியாயமான பயம். "அவர் மெஷின் பிடிக்கிறப்ப ஒருநாள் வந்து பாருங்க" என்றேன்.

வந்தார். அந்த மெஷினைத் தேயிலை நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருவர் விட்டால் கத்தி மற்றவர் மேல் சாயும். அன்று தூறலில் எதிர்ப்பக்கத்து ஆளுக்குக் கால் வழுக்கியது. குத்தோடி அசையவில்லை. சட்டென்று எஞ்சினை நிறுத்தி, முழுப் பாரத்தையும் தானே தாங்கிக்கொண்டு, "மெதுவா எந்திரிப்பா. நான் பிடிச்சிருக்கேன்" என்றார். மேலே ரோட்டில் மிஸ்ஸி நின்றதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், விழுந்தவர் எழுந்த அடுத்த நொடியே குத்தோடி ஓடியிருப்பார்.

அந்த ஞாயிறு நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மிஸ்ஸி கதையை ஆரம்பித்தார். வெட்டவெளி; எதிரே பூதம்.

"தூண் எங்க மிஸ்ஸி?"

"இல்ல."

"புதர்?"

"வெட்டியாச்சு."

"ஒரு லோரியாச்சும்...?"

"இந்தக் கதைல ஏது லோரி?"

குத்தோடி என்னைப் பார்த்தார். நான் கவசத்தைக் கழற்றிவிட்டதாக அறிவித்தேன்; இந்த அடியை அவருக்காக வாங்க நான் தயாரில்லை.

"பூதம் கேக்குது," என்றார் மிஸ்ஸி. "அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, பதில் வேணுமா, வேணாமா?"

குத்தோடி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணும்."

"சம்மதம்" என்றார் மிஸ்ஸி. சொன்னவர், கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டார்!

"கிராணி, பதிலச் சொல்லிட்டு ஓடுறாங்க லா!"

"இப்பத் தெரியுதா எங்க கஷ்டம்? போய்ப் பிடிங்க அண்ணே!"

கல்யாணமாகி இரண்டு வருஷம். ஞாயிறு ஆட்டம் நடக்கிறது, அடியும் எனக்கே விழுகிறது. போன வாரம் ஆறாவது முறை விழுந்தேன். பூதம் பார்த்துக்கொண்டிருக்க, குத்தோடி தூணை விட்டு வெளியே வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்கும் அடி விழுமே?"

"விழட்டும் லா."

இந்த மனுஷனுக்காக ஏழாவது முறையும் சாகலாம்.